பழைய காரைத் தானமாகக் கொடுத்தால் வரியில் எவ்வளவு கழிக்கலாம்?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். 2010 ஹோண்டா அக்கார்ட் ஒன்று வீட்டு வாசலில் நிற்கிறது. 1,60,000 மைல் ஓடிவிட்டது, டிரான்ஸ்மிஷன் அவ்வப்போது தகராறு செய்கிறது. பழைய கார்களின் விலையைக் காட்டும் கெல்லி புளூ புக்கில் பார்த்தால் 4,500 டாலர் காட்டுகிறது. தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்த 4,500ஐயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். உண்மையா? நானும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்கிறோம். சொந்த வீடு, வருமானம் சுமார் 2,00,000 டாலர். தங்கை மகன் மாணவர் விசாவில் வந்தவன், படிப்பு முடித்து ஊருக்குத் திரும்புகிறான். அவன் காரையும் சேர்த்தே கொடுத்துவிடலாமா?

பதில்:

உங்கள் நண்பர் சொல்வது 2004 டிசம்பர் வரைக்கும் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது. ஆனால் அந்தப் பழைய பேச்சு இன்றும் வாய்வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. வரித் தாக்கல் செய்துகொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாராவது ஒருவர் புளூ புக் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். அவரிடம் "இந்த எண் செல்லாது" என்று சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். காரைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருந்தால் அவருக்கும் லாபம், அந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் லாபம். நீங்கள் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் ஏன் மாறியது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முன்பெல்லாம் காரைக் கொடுத்தவர் தானே மதிப்புப் போட்டுக் கழித்துக்கொள்ளலாம். 2000ஆம் வரி ஆண்டில் ஏறக்குறைய 7,33,000 பேர் இப்படி வாகன தானத்துக்குக் கழிவு கேட்டார்கள். அதனால் அரசுக்குக் குறைந்த வரி சுமார் 654 மில்லியன் டாலர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2003 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் 54 கார்களை எடுத்து, கொடுத்தவர் கழித்த தொகை எவ்வளவு, தொண்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது எவ்வளவு என்று தேடிப் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கார்களில், கொடுத்தவர் கழித்ததில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் நிறுவனத்துக்குப் போயிருந்தது. 4,000 டாலர் கழித்திருக்கிறார் என்றால், ஏழைக் குழந்தைகளுக்கோ முதியோருக்கோ போனது 200 டாலரோ அதற்கும் குறைவோதான். மீதி, இழுவை வண்டிக்கும் ஏலக்காரருக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் இருந்த நிறுவனத்துக்கும் போய்விட்டது. அது போக, போட்ட மதிப்பும் கூடுதல்.

அதன் பிறகுதான் 2004இல் ஒரு சட்டம் வந்து, 2005 ஜனவரி 1 முதல் விதியைத் திருப்பிப் போட்டது. இப்போது நீங்கள் கழிக்கும் தொகையைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, புளூ புக்கும் அல்ல. அந்தத் தொண்டு நிறுவனம் உங்கள் காரை என்ன செய்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

பெரும்பாலான நிறுவனங்கள் காரை அப்படியே ஏலத்துக்கு அனுப்பிவிடும். அப்படி விற்றால், விற்ற விலை, கொடுத்த அன்று இருந்த சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கழிவு. உங்கள் அக்கார்ட் ஏலத்தில் 1,200க்குப் போனால் 1,200. புளூ புக் 4,500 என்று சொல்லட்டும், 6,000 என்று சொல்லட்டும், 1,200தான். இதில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று உண்டு: விற்ற விலை என்றால் செலவு கழிக்காத முழு விலை. இழுவைக் கூலி, ஏலக் கமிஷன் எல்லாம் போய் நிறுவனத்துக்கு 700தான் மிஞ்சியது என்றாலும் நீங்கள் 1,200 கழிக்கலாம்.

ஏலத்தில் 500 டாலருக்கோ அதற்குக் கீழோ போனால் தனி விதி. அப்போது 500 டாலர், சந்தை மதிப்பு, இரண்டில் குறைவானதைக் கழிக்கலாம். என்னுடைய பழைய கரோலாவைக் கொடுத்தபோது இதுதான் நடந்தது. அது 325க்கு விற்றது என்று கடிதம் வந்தது. அந்த நிலையில் இருந்த காருக்கு வெளியில் 500க்கு மேல் மதிப்பு இருந்ததால் 500 கழித்தேன். மதிப்பே 400தான் என்றால் 400தான் கழிக்க முடியும்.

சரி, முழுச் சந்தை மதிப்பையும் கழிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நான் உங்களை யோசிக்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். மூன்று சூழ்நிலைகளில் சட்டம் முழு மதிப்பை அனுமதிக்கிறது. நிறுவனம் காரை விற்காமல் தன் தொண்டுக்கே கணிசமாகப் பயன்படுத்த வேண்டும்; அல்லது காரின் மதிப்பு உயரும்படி பெரிய பழுதுபார்ப்பு செய்து அதன் பிறகு விற்க வேண்டும்; அல்லது வசதியில்லாத ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுக்க வேண்டும், அந்த நிறுவனத்தின் நோக்கமும் அப்படிப்பட்டவருக்கு உதவுவதாக இருக்க வேண்டும்.

"கணிசமாக" என்றால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் கொடுக்கும் உதாரணம் தெளிவானது: வெளியே போக முடியாத முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வருடம் ஓட்டி, அதில் 10,000 மைல் போயிருந்தால் அது கணிசமான பயன்பாடு. நாலைந்து தடவை எடுத்து ஓட்டிவிட்டு விற்றால் அது கணக்கில் வராது. பழுதுபார்ப்பும் அப்படியே. பெயின்ட் அடிப்பது, துருப்பிடிக்காமல் பூச்சுப் பூசுவது, உள்ளே சுத்தம் செய்வது எல்லாம் பெரிய மேம்பாடு ஆகாது. டிரான்ஸ்மிஷன் மாதிரி முக்கியமான வேலையாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கோளாறே அதுதான் என்பதைக் கவனியுங்கள்.

வேலைக்குப் போக வண்டி இல்லாத குடும்பங்களுக்காகக் கார்களைச் சரிசெய்து கொடுக்கும் நிறுவனங்கள் உண்மையாகவே இருக்கின்றன. மேரிலாந்தில் 'வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்', வெர்மான்ட்டில் 'குட் நியூஸ் கராஜ்' இரண்டும் இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்கின்றன. பஸ் போகாத ஊரில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு ஓடுகிற வண்டி ஒன்று கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த நாட்டில் வாழும் நமக்குத் தெரியும். அவர்களும் வருகிற எல்லாக் காரையும் குடும்பத்துக்குக் கொடுப்பதில்லை. சரிசெய்யக் கட்டுபடியாகாததை ஏலத்துக்குத்தான் அனுப்புவார்கள். அதனால் "என் காரை என்ன செய்வீர்கள்?" என்று கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். நேர்மையான இடமாக இருந்தால் வருடம், மாடல், மைல், கோளாறு எல்லாம் கேட்டுவிட்டு நேராகப் பதில் சொல்வார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழு மதிப்பு கிடைத்தாலும், அந்த மதிப்பு டீலர் விற்கும் விலை அல்ல. தனிநபர் தனிநபருக்கு விற்கும் விலைதான். அதுவும் இதே வருடம், இதே மைல், இதே டிரான்ஸ்மிஷன் கோளாறோடு உங்கள் பகுதியில் என்ன போகுமோ அதுதான். 'நல்ல நிலை' என்ற கட்டத்தைத் தட்டி வந்த 4,500 உங்கள் வண்டிக்கு எப்படியும் பொருந்தாது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களால் இதைக் கழிக்கவே முடியுமா? கார் தானம் ஷெட்யூல் ஏயில் செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி ஐடமைஸ் செய்பவர்களுக்கு மட்டும்தான் உதவும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுக் கணக்குக் காட்டாமலே கிடைக்கும் நிலையான தொகைக் கழிவு) எடுப்பவருக்குக் காரால் வரி ஒரு டாலர்கூடக் குறையாது. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு அது 2025க்கு 31,500 டாலர், 2026க்கு 32,200 டாலர்.

2018 முதல் 2024 வரை மாநில வரியும் வீட்டு வரியும் சேர்ந்து 10,000க்கு மேல் கழிக்கக் கூடாது என்று வரம்பு இருந்தது. நியூஜெர்சியில் வீட்டு வரியே அதைத் தின்றுவிடும். அதனால் அந்த வருடங்களில் நம் ஆட்களில் நிறையப் பேர் ஸ்டாண்டர்டுக்கே போய்விட்டார்கள். 2025இல் அந்த வரம்பு 40,000க்கு உயர்ந்திருக்கிறது, 2026க்கு 40,400. இப்போது கணக்குப் போடுங்கள். வீட்டு வரி 11,000, மாநில வருமான வரி 8,500, வீட்டுக் கடன் வட்டி 13,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 32,500. 2024இல் இதே குடும்பம் 23,000தான் காட்டியிருக்க முடியும். அந்த வருடத்து ஸ்டாண்டர்ட் 29,200, எனவே காரைக் கொடுத்தும் பயனில்லை. 2025இல் 31,500ஐத் தாண்டிவிட்டதால் கார் முழுசாகக் கணக்கில் வரும். 1,200க்கு விற்றால், நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால், மிச்சம் 264 டாலர். நியூஜெர்சி மாநில வரியில் தானத்துக்குக் கழிவு கிடையாது, அங்கே எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

2026 முதல் இன்னொரு மாற்றம். ஐடமைஸ் செய்பவர்களுக்கு, சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் அரை சதவீதம் வரைக்குமான தானம் கணக்கில் சேராது. 2,00,000 வருமானத்துக்கு அது 1,000 டாலர். வேறு தானமே செய்யாமல் 1,200 டாலர் கார் மட்டும் கொடுத்தால், கழிக்கக் கிடைப்பது 200, மிச்சமாகும் வரி 44 டாலர். கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஏற்கெனவே வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுப்பவர் என்றால் கவலையில்லை, அந்த அரை சதவீதம் அதிலேயே கழிந்துவிடும்.

இதே 2026இல் ஐடமைஸ் செய்யாதவர்களுக்கும் ஒரு புதுச் சலுகை: தனிநபர் 1,000 வரை, தம்பதி 2,000 வரை கழிக்கலாம். ஆனால் பணமாகக் கொடுத்ததற்கு மட்டும். காருக்குக் கிடையாது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். காரைச் சரிசெய்து பயன்படுத்தும் நிறுவனம் பக்கத்தில் கிடைத்தால் அங்கே கொடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே விற்றுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். டிரான்ஸ்மிஷன் கோளாறை மறைக்காமல் சொல்லியே 3,000க்கு விற்றீர்கள் என்று வைப்போம். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்பதால் அந்த 3,000க்கு வரி இல்லை. அதை அப்படியே தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அவர்களுக்கு 3,000 முழுசாகப் போய்ச் சேரும். நீங்கள் ஐடமைஸ் செய்கிற வருடத்தில் 22 சதவீதத்துக்கு 660 டாலர் மிச்சம் (2026இல் அந்த அரை சதவீதம் போக). 2026இல் ஸ்டாண்டர்ட் எடுத்தாலும் 2,000 வரைக்கும் கழித்து 440 மிச்சம். ஏலத்துக்குப் போகிற காரில் அவர்களுக்கு 700, உங்களுக்கு 264 அல்லது 44. இரண்டு வாரம் விளம்பரம் போட்டு, நாலு பேர் வந்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வண்டி ஓடவே இல்லை, இழுத்துக்கொண்டு போக வேண்டிய நிலை, விற்க நேரமில்லை என்றால் மட்டும் ஏலத்துக்கு அனுப்பும் நிறுவனத்தைப் பாருங்கள். அதுவும் தவறில்லை, எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும்.

கொடுப்பது என்று முடிவானால் காகித வேலை. ஐஆர்எஸ் தளத்தில் வரிவிலக்கு பெற்ற நிறுவனங்களைத் தேடும் வசதி இருக்கிறது, முதலில் அதில் பெயரைப் பாருங்கள். ரேடியோவில் கேட்கும் பெயர் ஒன்றாகவும், காரை உண்மையில் வாங்கும் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கலாம்; ரசீதில் யார் பெயர் வரும் என்று கேளுங்கள். கோயிலும் சர்ச்சும் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் தகுதி உள்ளவையாக இருக்கலாம். கோயிலுக்குக் காரைக் கொடுத்து, அது அன்னதானத்துக்குக் காய்கறி எடுத்துவர வருடம் முழுக்க ஓடினால் முழு மதிப்புக்கு வாய்ப்புண்டு. ஆனால் கோயில் நிர்வாகம் அதைச் சட்டப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். கார் தானத்துக்கான விதியே தெரியாமல் சாதாரண நன்கொடை ரசீது மட்டும் கொடுத்து, அதனால் கழிவு போன சம்பவத்தை நான் பார்த்திருக்கிறேன்.

எழுதிக் கொடுப்பது என்று நான் சொன்னது படிவம் 1098-சி. 500 டாலருக்கு மேல் கழிக்க இது கட்டாயம். காரை விற்றால் விற்ற 30 நாளுக்குள், விற்காமல் வைத்துக்கொண்டால் கொடுத்த 30 நாளுக்குள் உங்களுக்கு வர வேண்டும். வந்ததும் இந்தக் கட்டங்களைப் பாருங்கள். 4சியில் விற்ற விலை இருக்கும். 5ஏ அல்லது 5பியில் குறி இருந்தால் நிறுவனமே பயன்படுத்துகிறது, பழுதுபார்க்கிறது அல்லது வசதியில்லாதவருக்குக் கொடுக்கிறது என்று பொருள். முழு மதிப்பு இங்கேதான் பிறக்கிறது. 7ஆம் கட்டத்தில் குறி இருந்தால் 500க்கு மேல் கேட்கவே கூடாது. கொடுத்ததற்குப் பதிலாக உல்லாசப் பயணக் கூப்பன் மாதிரி ஏதாவது தந்திருந்தால் 6ஆம் கட்டத்தில் அதன் மதிப்பு இருக்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் நீங்கள் கேட்க முடியும்.

இந்தப் படிவத்தின் நகலை வரித் தாக்கலோடு இணைக்க வேண்டும். மின்னணு முறையில் தாக்கல் செய்தால் பிடிஎஃப் ஆகவோ, 8453 படிவத்தோடு தபாலிலோ அனுப்பலாம். கூடவே பணமல்லாத தானத்துக்கான 8283 படிவம். விற்ற விலையைக் கழிக்கும்போது அதில் ஏ பகுதி போதும். முழுச் சந்தை மதிப்பைக் கேட்டு, அது 5,000ஐத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் பி பகுதியும் வேண்டும். உங்கள் வண்டிக்கு அந்தத் தேவை வராது.

டிசம்பர் கடைசியில் கொடுத்து, ஜனவரியில் விற்றால்? கொடுத்த வருடத்திலேயே கழிக்கலாம். ஏப்ரல் 15 நெருங்கியும் 1098-சி வரவில்லை என்றால் 4868 போட்டு ஆறு மாதம் நீட்டிப்பு வாங்குங்கள், அல்லது கழிக்காமல் தாக்கல் செய்துவிட்டுப் படிவம் வந்ததும் 1040-எக்ஸ் மூலம் திருத்துங்கள். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

காரை எடுத்துப் போக வரும் நாளன்று கொஞ்சம் கவனமாக இருங்கள். காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் வாங்குபவர் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்; நிறுவனத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். அப்படிக் காலியாக விட்டுவிட்டு, மாதங்கள் கழித்து யாரோ ஓட்டிய வண்டிக்குப் பார்க்கிங் அபராதம் வீட்டுக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். நியூஜெர்சியில் நம்பர் பிளேட்டைக் கழற்றி மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகே இன்சூரன்ஸை நிறுத்துங்கள். சுங்கக் கட்டணத்துக்கான ஈஸிபாஸ் கருவியைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடுங்கள். கராஜ் கதவு ரிமோட், வீட்டு முகவரி இருக்கும் பதிவுச் சீட்டு, ப்ளூடூத்தில் ஏறியிருக்கும் தொலைபேசிப் பெயர்கள், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மைல் மீட்டரோடு நாலு படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் உங்கள் தங்கை மகன். டைட்டில் யார் பேரில் இருக்கிறதோ தானம் அவருடையது. அவன் காரை உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. அவனுக்கும் இதில் பெரிதாகக் கிடைக்காது. எஃப்-1 விசாவில் வந்த மாணவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் நான்-ரெசிடென்டாக (வரிக் கணக்கில் இங்கே வசிக்காதவராக) 1040-என்ஆர் படிவம் தாக்கல் செய்வார். மற்ற நாட்டு மாணவர்களுக்கு அதில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. ஆனால் இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு அதைத் தருகிறது, 2025க்கு 15,750 டாலர். மாணவராக இருந்தவருக்கு ஐடமைஸ் செய்து அந்தத் தொகையைத் தாண்ட வழி இருக்காது. காரைப் புதிதாக வருகிற இன்னொரு மாணவருக்கு நியாய விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே டைட்டிலை மாற்றிவிட்டுப் போவது முக்கியம், கோவையில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்வது பெரும்பாடு. அந்தப் பணத்தை ஊரில் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்க அவன் விரும்பினால் தாராளமாகக் கொடுக்கட்டும், ஆனால் இந்தியாவில் பதிவான அறக்கட்டளைக்கு நேரடியாகக் கொடுத்தது அமெரிக்க வரியில் கழிவுக்கு வராது. ஊரில் 80ஜி என்று நமக்குப் பழகிய கழிவும் பணத்துக்குத்தான், பொருளாகக் கொடுத்த காருக்கு அங்கேயும் இல்லை.

உங்கள் அக்கார்டுக்கு நான் செய்யச் சொல்வது: இந்த வாரம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி டிரான்ஸ்மிஷனுக்கு என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் விற்பதற்கும் உதவும், தொண்டு நிறுவனத்திடம் பேசுவதற்கும் உதவும். கூடவே உங்கள் வீட்டு வரி, மாநில வரி, வட்டி மூன்றையும் கூட்டிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று உடனே சொல்லிவிடலாம்.